அதையும் உலோகம் என்கிறார்கள்

சாஹ்நந்தோர் மேட்டில் விடியவில்லை இன்னும்.
மூக்கில் குழாய், முதுகில் சிலிண்டர்.
ஆன்டெனாவின் அடிவயிற்றில்
குளிரூட்டி முனகுகிறது.
ஹீலியம் கசிகிறதாம்.
நானும் எலியெசரும் ஏறி வந்தோம்,
ஐயாயிரம் மீட்டர்.

பேசினால் மூச்சு தீரும்.
அவன் விரலை மடக்கிக் காட்டினால் ஸ்பானர்,
தலையாட்டினால் இது இல்லை, அடுத்தது.
என் நகங்கள் நீலம்.
விரலில் மாட்டிய கருவி எழுபத்தெட்டு என்கிறது.
கேட்காமலே என் வால்வைக்
கால் சுற்று திறந்துவிடுகிறான்.

கீழே கட்டுப்பாட்டு அறையில் ஃபெம்கே,
இரவெல்லாம் மாத்தே குடிக்கும் டச்சுக்காரி.
எதைத் தேடுகிறாய் என்று நேற்று கேட்டேன்.
ஆக்ஸிஜன் என்றாள்.
சிரித்துவிட்டேன்.
மேலே போனால் நாங்களும் அதைத்தான்.

அவளுடையது
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு பழையது.
அதற்கும் முன்னால்
ஹைட்ரஜன், ஹீலியம், இருட்டு,
சொல்லும்படி வேறொன்றும் இல்லை.
பருத்த விண்மீன்கள் சில
அவசரமாய் எரிந்தன, வெடித்தன,
வயிற்றில் வெந்ததை வெளியே வீசின.
பிறகு பிறந்ததெல்லாம்
கொஞ்சம் அழுக்கோடுதான் பிறந்தது.

"உலோகம் ஏறுகிறது என்போம்."
ஆக்ஸிஜன் உலோகமா?
"ஹீலியத்தைத் தாண்டினால்
எங்களுக்கு எல்லாமே உலோகம்.
கரி, நைட்ரஜன், உன் பல்."

என் அப்பா
முப்பத்தொரு வருஷம் சுக்கிகமாட்டா உருக்காலையில்.
செம்பைத் தவிர எதையும் உலோகமென்று மதித்ததில்லை.
இரும்பே அவருக்கு
ஒருவகைக் கல்.
இப்போது கலாமாவில், ஜன்னலோரம்,
என்னுடையது போன்ற குழாயோடு உட்கார்ந்திருக்கிறார்.
நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர்,
ராத்திரியும் பகலும்.

ஃபெம்கே ஒரு படம் காட்டினாள்.
நடுவில் விண்மீன்கள், ஒரு பொட்டு.
சுற்றிலும் அதைவிடப் பல மடங்கு அகலத்துக்குக்
கரி.
அவ்வளவு தூரம் எப்படிப் போனதென்று
இன்னும் சண்டை போடுகிறார்களாம்.
சிலது திரும்பி விழும், சிலது விழாது என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உலைப் புகை எங்கள் கடைசித் தெருவிளக்கைத் தாண்டி,
பஸ் நிலையம் தாண்டி,
யாருமில்லாத உப்புவெளி மேல்
தனியாக ஓர் ஊர் போலப் படுத்திருக்கும்.
காலையில் அம்மா கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை
சாயங்காலம் வெள்ளையாக இருக்காது.
அதை உதறி
மறுபடி துவைப்பாள்.

நட்டு இறுகியது. கசிவு நின்றது.
வட்டு மெல்லத் திரும்பி
மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது,
கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத ஒரு திசையில்.

இறங்கும் வழியில், நாலாயிரத்தில்,
சிக்னல் கிடைத்ததும் போன் போட்டேன்.
அப்பா, உங்கள் சிலிண்டரில் இருப்பதை
இங்கே உலோகம் என்கிறார்கள்.

கொஞ்ச நேரம்
ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
"டன் என்ன விலை, இஸ்மெனியா?"