மூன்றாம் வரிசை, இடமிருந்து இரண்டாவது

மார்ச் மாதப் பாட்டுகள் எல்லாவற்றிலும்
சிறகு ஒன்று இருக்கும்.
வானம் இருக்கும். நாளை இருக்கும்.
நம்பிக்கை என்ற சொல்
மேல் சுருதியில் போய் உட்கார்ந்துகொண்டு
இறங்க மறுக்கும்.
கணவாய் மீன் எந்தப் பாட்டிலும் இல்லை.
ஹச்சினோஹேயில்
எங்கள் வகுப்புச் சன்னலைத் திறந்தால்
முதலில் உள்ளே வருவது அதன் வாடைதான்.

மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பிரிவு. முப்பத்தொரு பேர்.
முன்னால் நின்று கையசைக்க என்னைத் தேர்ந்தார்கள்,
இசை தெரிந்தவள் என்று அல்ல,
முறைக்கத் தெரிந்தவள் என்று.
பியானோவில் மினாசே.
விரல்கள் எங்கோ போய்க்கொண்டிருக்கும்,
முகம் மட்டும்
பல் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி.
சோப்ரானோக்கள் சாப்பாட்டு நேரத்திலும் பாடினார்கள்.
ஆல்ட்டோவில் இருவர் பேச்சுவார்த்தை இல்லை.
பையன்கள் துடைப்பத்தை கிட்டாராக்கி
நான் கத்தும்வரை கச்சேரி.

உபுகதாவுக்கு
அந்தக் கோடையில்தான் மகரக்கட்டு உடைந்திருந்தது.
விடியலில் படகு எஞ்சின்
பிடிக்காமல் பிடிக்காமல்
சட்டென்று பிடிக்குமே, அப்படி ஒரு குரல்.
பிடித்தால் விடாது.
அரைக் கட்டை கீழேயே நின்று
பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

போட்டிக்கு ஒன்பது நாள்.
காலணி அலமாரி அருகே அவனை மறித்துச் சொன்னேன்:
வாயை மட்டும் அசை.
ம், என்றான்.
ஏன் என்று கேட்பான், பதில் சொல்லலாம் என்று
ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தேன்.
அவன் குனிந்து காலணி மாட்டினான்.
அவ்வளவு நேரம் ஆகாது,
ஒரு காலணி மாட்ட.

அக்டோபர். நகர மன்றம்.
கையசைப்பவளுக்கு முதலில் தெரிவது ஒலி அல்ல,
வாய்கள்.
முப்பது வாய்கள்.
அவற்றில் மிக அழகாகத் திறந்தது அவனுடையது.
ஒவ்வொரு சொல்லும் உதட்டில் முழுதாக உருண்டது.
சிறகு என்ற இடத்தில் புருவம்கூட உயர்ந்தது.
எங்களுக்கு வெள்ளி.
தங்கம் வாங்கிய நான்காம் பிரிவும் அழுதது, நாங்களும் அழுதோம்,
அழுவதில் மட்டும் யாரும் சுருதி விலகவில்லை.
நடுவரின் குறிப்பை ஆசிரியர் உரக்கப் படித்தார்:
மூன்றாம் வரிசையில் வாய்கள் நன்றாகத் திறக்கின்றன.
எல்லோரும் கை தட்டினார்கள்.
உபுகதாவும்.

பிறகு பனி. பிறகு தேர்வுகள்.
யாருக்கும் பாட நேரமில்லை.

மார்ச்சில் உடற்பயிற்சிக் கூடத்தில்
சிவப்பும் வெள்ளையுமாகத் திரை,
மூன்று மண்ணெண்ணெய் அடுப்புகள்,
எதுவும் எங்கள் கால்வரை எட்டவில்லை.
இந்த முறை கையசைத்தவர் ஆசிரியர்.
நான் ஆல்ட்டோவில், முன் வரிசை.
பையன்கள் எனக்குப் பின்னால்.
மூன்று நாள் ஒத்திகையில் எங்களுக்குக் கற்பித்தது இவ்வளவுதான்:
எழு, வணங்கு, திரும்பாதே.

இரண்டாம் சரணத்தில்
என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது,
அரைக் கட்டை கீழே.
அடுப்பு முனகியிருக்கலாம்.
கூரைப்பனி சரிந்திருக்கலாம்.
அல்லது எஞ்சின்,
கடைசியில், பிடித்துவிட்டிருக்கலாம்.

நான் பாடுவதை நிறுத்தினேன்.
வாயை மட்டும் அசைத்தேன்.
கேட்க வேண்டியிருந்தது.

அப்புறம் மலர், குழாயில் சுருட்டிய சான்றிதழ்,
வாசலில் புகைப்பட நெரிசல்.
அவன் மீன்வளப் பள்ளிக்குப் போகிறான் என்று
வேறு யாரோ சொன்னார்கள்.
அவனது சட்டையின் இரண்டாவது பொத்தானை
யாரும் கேட்கவில்லை போல,
அது அங்கேயே இருந்தது.
நீயா என்று நானும் கேட்கவில்லை.

அம்மா எடுத்த காணொளியில்
கூட்டத்தை விலக்கி விலக்கி
காமிரா என் முகத்தில் வந்து நிற்கிறது.
எவ்வளவு நன்றாகப் பாடுகிறாய் பார்,
என்கிறாள்,
ஒவ்வொரு முறையும்.