ஏழு சொல்

கான்ஸ்டன்ட்சா துறைமுகத் தந்தி ஆபீசில்
என் வேலை வாசிப்பதல்ல,
எண்ணுவது.
சொல்லுக்கு நாற்பது பானி.
'ஸ்டாப்' என்று எழுதினால் அதற்கும் நாற்பது.

பன்னிரண்டாம் வருஷம் நவம்பர்.
இஸ்தான்புல் கப்பல் விடியுமுன் வந்தது.
தணிக்கைக்காரன் பென்சிலுக்குத் தப்பி
கடல் தாண்டி வந்தவர்
லொசான் பத்திரிகையின் போர் நிருபர், எய்மே ரொஷா.
பூட்ஸில் சேறில்லை, சுண்ணாம்பு.
குழிக்குள் தூவுகிறார்களே,
அந்தச் சுண்ணாம்பு.

பதினோரு தாள்.
ஆயிரத்து நூற்று நாற்பது சொல்.
பையில் முந்நூறுக்குத்தான் காசு.

அங்கேயே உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்.
முதலில் தளபதிகள் போனார்கள்.
பிறகு பீரங்கி, குன்றுகளின் பெயர், மழை,
தான் பட்டினி கிடந்த மூன்று நாள்.

நடுவில் என் காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்:
"மஞ்சூரியாச் சண்டைக்குப் போனேன்.
டோக்கியோவிலேயே பத்து வாரம் நிறுத்திவிட்டார்கள்.
ஓட்டல் அறையில்,
கீழே தட்டு கழுவும் சத்தத்தை வைத்துக்கொண்டு
ஒரு குதிரைப்படைப் பாய்ச்சல் எழுதினேன்.
அதற்குத்தான் ஊரில் எனக்கு விருந்து வைத்தார்கள்.
சில குதிரைகளுக்குப் பெயர்கூட இருந்தது."
சிரிப்பாரென்று பார்த்தேன்.
பென்சிலைச் சீவினார்.

ஒரு வரியின்மேல் மட்டும்
மூன்று தடவை போய் நின்று திரும்பினார்.
ஹாதம்கோய் ஸ்டேஷனில்
வாந்திபேதி கண்ட சிப்பாய்
தண்டவாளத்துப் பனியை நக்கிக்கொண்டிருந்தான்.
பிரெஞ்சில் ஏழு சொல்.
அது இருக்கட்டும் என்றார்.

மாலையில் பதில் வந்தது:
காலரா போதும் ஸ்டாப் வெற்றி யாருக்கு.
ஐந்து சொல். செலவு அவர்களுடையது.

அடித்த தாள்களை மேசையிலேயே விட்டுப் போனார்,
அடுப்புக்கு ஆகும் என்று.

இரண்டு வருஷம் கழித்து
வேறொரு நிருபர் சொன்னார்:
வெவேயில் ஒரு சின்னப் பத்திரிகையில்
பாலாடைக்கட்டி விலை எழுதுகிறாராம்.
நேரே சந்தைக்குப் போய்,
தொட்டுப் பார்த்துத்தான் எழுதுவாராம்.

பதினாறில் பகைவர் ஊரை நெருங்கினார்கள்.
ஏடுகளை எரிக்க உத்தரவு.
எரித்தேன்,
அந்தத் தாள்களையும் சேர்த்து.

வடக்கே போன ரயில்
பெயர் தெரியாத இடத்தில் இரவெல்லாம் நின்றது.
தண்ணீர் தீர்ந்திருந்தது.
விடியலில் இறங்கிப் பார்த்தேன்,
தண்டவாளமெங்கும் பனி.

நான் குனியவில்லை.
குனிந்தவர்கள் இருந்தார்கள்.
எண்ணினேன்.