மிச்சம் ஏழு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்
அத்தையின் பொருள்களைப் பிரித்தோம்.
சேமநிதிப் பணம் அப்பாவுக்கு.
அட்டிகை பெரியண்ணிக்கு.
ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒரு சின்னச் சண்டை.
கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலப் பையை
யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஒரு ரப்பர் தொப்பி.
மணிக்கட்டும் கணுக்காலும் மூடுகிற நீச்சலுடை.
விலைச்சீட்டைக் கிழிக்காத கண்ணாடி
(பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்
என்றிருப்பாள்).
பத்துக் கட்டம் போட்ட ஓர் அட்டை.
மூன்றில் துளை.
பெயர் பவளமணி. வயது ஐம்பத்தெட்டு.

தீவில் பிறந்தவள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
முப்பத்தோரு வருடம்
மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து
எறும்பின் கண்ணளவுப் பழுதைத் தேடியவள்.
பத்து ஃபிரிங்கியில் எங்களையெல்லாம் கடலில் இறங்கவிட்டு
செருப்புகளுக்குக் காவல் இருந்தவள்.
ஃபெர்ரியில்கூட
விளிம்பிலிருந்து தள்ளி நடுவில்தான் நிற்பாள்.

செவ்வாய்தோறும் மாலையில்
தண்ணீர்மலைக் கோயிலுக்கு என்று கிளம்பினாளாம்.
தண்ணீர் வரைக்கும் உண்மை.

எனக்கு நாற்பத்திரண்டு.
குணாளன் வீட்டைக் காலி செய்துபோய் இரண்டு வருடம்.
அதற்குப் பிறகு நான் தொடங்கியது என்று
ஒன்றுமில்லை.
பல் விளக்கினேன், பஸ் பிடித்தேன்,
ஊரார் கணக்கை நேர்செய்தேன்,
இரவில் டிவியை ஓடவிட்டுத் தூங்கினேன்.
பணம் கட்டிய ஏழு பாடம் வீணாகிறதே
என்றுதான் போனேன். துக்கத்தினால் அல்ல,
கஞ்சத்தனத்தினால்.
அதுவும் அத்தை வழிச் சொத்து.

நோராய்னி அட்டையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
முதல் நாள் முழுக்கப் படியிலேயே உட்கார்ந்திருந்தார், என்றாள் மலாயில்.
இரண்டாம் நாள் பயத்தில் என்னைக் கிள்ளிவிட்டார்.
மூன்றாம் நாள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.
எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே
'உள்ளே சத்தமே இல்லை' என்றார்,
ஏதோ என்னால்தான் என்பதுபோலச் சிரித்தார்.
அடுத்த செவ்வாய் வரவில்லை.

அடுத்த செவ்வாய்
நாங்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

நான்காம் கட்டத்தில் மூக்கெல்லாம் எரிந்தது.
ஐந்தில் மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு
உதைத்தேன், உதைத்தேன்,
ஏழு வயதுச் சீனப் பையன் ஒருவன்
இரண்டு முறை என்னைக் கடந்துபோய்த் திரும்பினான்.
ஆறு, ஏழு நினைவில்லை.
எட்டில் இடி இடித்தது என்று
எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள்,
ஆனாலும் துளை போட்டுவிட்டார்கள்.
அத்தை இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

ஒன்பதில்
என் முதுகுக்குக் கீழே நோராய்னியின் கை இருந்தது.
பிறகு இல்லை.
எப்போது எடுத்தாள் என்று இன்றுவரை தெரியாது.
மேலே கூரைத் தகரத்துக்கும் குழல் விளக்குக்கும் நடுவே
ஒரு குருவி வழி தேடிக்கொண்டிருந்தது.
காதுகள் மூழ்கியிருந்தன.
அத்தை சொன்னது சரியில்லை.
உள்ளே சத்தம் இருக்கிறது:
என் மூச்சு,
பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்
யாரோ நடமாடுவதுபோல.

பத்தும் முடிந்தது.
கவுண்டரில் இருந்த பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்து
புதுப்பிக்கவா என்றான்.
எண்பது வெள்ளி.
பெயர் கேட்டான், சொன்னேன்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
பழைய அட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டான்,
கோப்பிப் பொட்டலத்துக்கும் வாழைப்பழத் தோலுக்கும் மேலே.
கை நீளப்பார்த்தது. நீட்டவில்லை.

இப்போது பஸ் நிறுத்தத்தில்
தலையைச் சாய்த்துக்கொண்டு
ஒற்றைக் காலில் குதிக்கிறேன்.
பள்ளிக்கூடப் பெண்கள் இருவர்
சிரிப்பை அடக்கப் பார்க்கிறார்கள்.
குதிக்கிறேன்,
காதை விட்டு வெதுவெதுப்பாக
இறங்குகிறது நீர்.