விடை கிடைக்காதவை

ரெட்வுட் சிட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே
வாடகைக்கு எடுத்த மூன்று அறைகள்.
தொண்ணூற்றொன்பது மார்ச்சில் சேர்ந்தேன்.
கீழே பல் ராவும் சத்தம்,
மேலே அறுபது விசிறிகளின் இரைச்சல்.
இரண்டையும் பிரித்தறிய
ஒரு வாரம் ஆனது எனக்கு.

கணினிகளுக்குச் சட்டை கிடையாது.
ரொட்டி சுடும் தட்டுகளில் பலகைகளைக் கிடத்தி
கம்பியால் கட்டியிருந்தான் டெல்ஃபின்.
ஒன்று செத்தால்
எது செத்தது என்று பார்க்கமாட்டான்.
"ஊருக்கெல்லாம் தேடிக் கொடுக்கிறோம்,
இதைத் தேட ஆளில்லை" என்று
பர்ரிட்டோவைக் கடித்துக்கொண்டே சொல்வான்.

என் வேலைக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.
முந்தைய நாள்
ஒன்றுமே கிடைக்காமல் போன தேடல்களை
அச்செடுத்துப் படிக்க வேண்டும்.
எழுத்துப்பிழை என்றால் மஞ்சள்,
எங்கள் பிழை என்றால் சிவப்பு.
மற்றவற்றுக்கு
ரூத் கெஸ்லர் நிறம் சொல்லித்தரவில்லை.
மற்றவைதான் அதிகம்.

'எதிர்வீட்டு நடீன் ஏன் பேசுவதில்லை'
'எழுபத்து நான்கு பள்ளி நடனம் நீல உடை யார்'
'நான் கையெழுத்துப் போட்டது சரிதானா'

யாரிடமும் கேட்க முடியாததை
ஒரு வெள்ளைக் கட்டத்திடம் கேட்டிருந்தார்கள்,
அது உடனே உதட்டைப் பிதுக்கிவிட்டது.

ஏப்ரலில் வந்தது:
'ஓரின் டக்கெட் ஆஷ்டபுலா'.
மறுநாளும் அதே நேரம், இரவு இரண்டு பத்து.
'ஓரின் டக்கெட் தச்சர்'
'ஓரின் டக்கெட் பச்சை லாரி'
'ஓரின் டக்கெட் உயிரோடு'

பெயரின் எழுத்துக்களை மாற்றி மாற்றி,
பூட்டில் வேறு வேறு சாவி போடுவதுபோல.
எந்த நிறத்திலும் நான் கோடு போடவில்லை.
பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் ஒரு காரியம் செய்தேன்.
என் சொந்தக் காசில் ஒரு பக்கம் திறந்து
அந்தச் சொற்கள் எல்லாவற்றையும் போட்டு
கீழே ஒரு வரி எழுதினேன்:
'ஓரின், உங்களை ஒருவர் தினமும் தேடுகிறார்.'

அப்போதெல்லாம் எங்கள் இயந்திரம்
மாதத்துக்கு ஒருமுறைதான் உலகத்தைச் சுற்றி வரும்.
சுற்றி வந்தது.
கட்டத்தில் பெயரை அடித்தேன்.
'ஒரு முடிவு' என்றது.
எனக்குக் கை தட்டத் தோன்றியது.

மறுநாள் பட்டியலில் அவர் இல்லை.
அதற்கடுத்த நாளும் இல்லை.
காப்பி இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதுதான்
உறைத்தது, முட்டாளே,
நீ படிப்பது விடை கிடைக்காதவர்களின் பட்டியல்.
விடை என்று ஒன்றைக் கொடுத்து
வந்துகொண்டிருந்த ஒரே ஜன்னலை
நீயே சாத்திவிட்டாய்.

முழுப் பதிவேட்டைக் கேட்டு ஓடினேன்.
வட்டில் இடமில்லை என்று
ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்துவிடுவான் டெல்ஃபின்.
அன்று திங்கள்.

பிறகு எங்களுக்குச் சொந்தமாக மூன்று கட்டடங்கள்,
ஒரு நீச்சல் குளம்,
ரூத்துக்கு ஒரு தீவில் வீடு.
விடை இல்லை என்று சொல்வதை
இயந்திரம் மெல்ல மறந்தது;
என் வேலையும் அதோடு போனது.
போகிற அன்று
பல் மருத்துவர் எனக்கு ஒரு பிரஷ் கொடுத்தார்.

நேற்று சான் கார்லோஸில் பேருந்துக்கு நிற்கையில்
கைப்பேசியில் அடித்துப் பார்த்தேன்,
'ஓரின் டக்கெட் பச்சை லாரி'.
நான்கு லட்சம் முடிவுகள்.
என் பக்கம் எப்போதோ மறைந்துவிட்டது.
முதலில் வந்தது ஒரு விளம்பரம்:
பழைய பச்சை லாரி விற்பனைக்கு,
ஆஷ்டபுலாவிலிருந்து நாற்பது மைல்,
டயர் புதிது.

படத்தை இரு விரலால் விரித்து
ஓட்டுநர் இருக்கைவரை போனேன்.
கண்ணாடியில் வெயில் அடித்திருந்தது.
பேருந்து வந்து போய்விட்டது.