ஓரத்தில் பென்சில்

பீல் நகர நூலகத்தில் புதன் மாலை என் முறை.
ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து
டிராலிபஸ் கம்பிகளை விழுங்கிக்கொண்டிருந்தது.
தவமலர் வந்தாள்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் குளோரின் வாசம்
இன்னும் கைகளில்.
சமையல் புத்தகம் கேட்பவள்போல்
மெதுவாகக் கேட்டாள்:
"பொம்பிளை ஆளுற கதையள் இருக்கோ?"

அரசியலா என்றேன்.
"இல்லை. வீட்டுக்குள்ள.
கதவு சாத்தின பிறகு."

எங்கள் காரைக்குடிப் பக்கம் இதற்கொரு கேள்வி உண்டு:
உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?
கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.
மதுரை என்று நிமிர்ந்து பதில் சொன்ன ஆணை
இதுவரை நான் பார்த்ததில்லை.

பழைய இரவல் சீட்டின் முதுகில்
இருவரும் பட்டியல் போட்டோம்.
மூன்றாம் மாடியில் ஒரு படம்:
ஒருத்தி ஒரு மணி ஐம்பது நிமிடம் அரசாள்கிறாள்,
கடைசிப் பத்து நிமிடம் அழுது
எவனோ ஒருவன் தோளில் சாய்கிறாள்.
பார்க்கலாம். முன்னாடியே எழுந்துவிட வேண்டும்.
மெலிசாக ஒரு பிரெஞ்சு நாவல்,
அவள் சாட்டையைப் பற்றி நாற்பது பக்கம்,
அவள் சாப்பிட்டாளா என்று ஒரு வரி கிடையாது.
வேண்டாம்.
அட்டை கிழிந்த ஜெர்மன் நாவல் ஒன்று, பெண் எழுதியது:
நாயகிக்கு ஜலதோஷம்.
மூக்கைச் சிந்திக்கொண்டே "உட்கார்" என்கிறாள்.
அவன் உட்காருகிறான்.
இதை எடுத்துப் போ என்றேன்.

"நானும் ஒண்டு எழுதிப் பாக்கட்டோ?"
கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.
எழுதுவது எப்படி என்னும் அலமாரிக்குக் கூட்டிப்போனேன்.
முரண்பாட்டை முதல் பக்கத்திலேயே வை,
பெயரடையைக் குறை,
காலையில் எழுந்திரு.
ஆணையிடுபவள் குரலை உயர்த்தத் தேவையில்லை என்று
ஒன்றிலும் இல்லை.

எந்த மொழியில் எழுதுவாய்?
"தமிழ்லதான். வேற எதில?"
அங்கேதான் இடித்தது.
ஆதிக்கம் என்றால் மேடை, மைக், சால்வை.
அடக்கம் என்றால்
பள்ளிக்கூடச் சுவரும் இடுகாடும்
ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன.
விளக்கை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள்.
படியில் நின்று திரும்பினாள்:
"ஆள் எண்டா மனுசர்.
ஆள் எண்டா ஆட்சி செய்.
இது ஒண்டு காணாதோ?"

ஐந்து வாரம். தாமதக் கட்டணம் ஏறியது.
திருப்பிக் கொண்டுவந்தது குகநேசன்,
தபால்துறை மஞ்சள் மேலாடை,
கழற்றாத தலைக்கவசம்.
"தவமலர் எடுத்த புத்தகம்."

புரட்டிச் சேதம் பார்ப்பது விதி.
எழுபத்திரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சிலில், தமிழில், அவள் கையெழுத்து:
இது?
அதன் கீழே குண்டுகுண்டாக இன்னொரு கை:
ம்.
எண்பத்தொன்பதில் மறுபடி, இது?
வேண்டாம்.
அதற்கும் கீழே, சின்னதாக, அவளே:
சரி.

நூற்றிநாலில் கேள்வியே இல்லை.
ம் ம் என்று மட்டும்.

அழிப்பதும் விதிதான். ரப்பரை எடுத்தேன்.
அவன் தலைக்கவசப் பட்டையை
இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.
எழுபத்திரண்டை அழித்தேன்.
நூற்றிநாலை, சிரிக்காமல், அழித்தேன்.
எண்பத்தொன்பதில்
அந்த வேண்டாமும் சரியும் இருந்த இடத்தில்
கை நின்றுவிட்டது.
ஒரு அலமாரி நிறைய எழுதிக் காட்டியவர்கள்
இந்த இரண்டு வரியை எங்கே விட்டார்கள்?
பொடியை ஊதிவிட்டு மூடினேன்.

"ரெண்டாம் பாகம் இருக்கோ எண்டு
கேக்கச் சொன்னவ."
இல்லை, அவள் எழுதினால்தான் உண்டு.
"எழுதுறா. மேசை வேணும் எண்டவ.
குசினி மேசையை நேற்றே ஒழிச்சுட்டன்.
சாப்பாடு இப்ப மடியில."

எட்டு பிராங்கைச் சில்லறையாக எண்ணி வைத்தான்.
போனவன் கதவருகே நின்று திரும்பி வந்தான்.
ரசீது வேண்டுமாம்.
அவ பாப்பாவாம்.