குத்ரூன் பாதியில் வைத்தவை

பாட்டி இறந்த மூன்றாம் வாரம்
வீட்டைக் காலி செய்யக் கூடினோம்.
க்ரிஸ்தியான்சுண்டில் மார்ச் மாத மழை
மேலிருந்து வருவதில்லை, பக்கத்திலிருந்து வரும்.
ஹால்வர் மாமா கையில் நோட்டுப்புத்தகம்.
"முழுசா இருக்கிறதை முதலில் எழுதுவோம்" என்றார்.
எழுத ஒரு கரண்டி அகப்பட்டது.

மற்றதெல்லாம் பாதி.
கொட்டகையில் வெறும் விலா எலும்போடு ஒரு படகு,
நாற்பது வருடமாக.
தேனீப் பெட்டிக்குள் உருளைக்கிழங்கு.
கடற்பாசிகளை அவள் வரைந்த படங்கள்
முப்பத்தொன்றாவதில் பச்சை தீர்ந்து நிற்கின்றன.
அக்கார்டியனில் ஒரே பாட்டின் முன்பாதி
தெரு முழுக்க மனப்பாடம்;
பின்பாதி எப்படிப் போகுமென்று
தபால்காரர் ஒருமுறை கேட்டே விட்டார்.

பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபம் வரும்.
"பொழுது தானே போகும்,
அதைப் பிடித்துத் தள்ள நான் எதற்கு?"

பதின்மூன்று வயதில் கடலோரப் பாறைகளில்
காட் மீனைப் பரப்பிக் காயவைத்தவள்.
ஒரு தூறல் விழுந்தால் ஓடி அள்ளிக் குவிக்க வேண்டும்,
விரல் வெடிப்பில் உப்பு.
கருவாடு கப்பலேறும்.
"நான் திருப்பிப் போட்ட மீன் லிஸ்பனைப் பார்த்துவிட்டது,
நான் இந்தப் பாறையைத்தான் பார்க்கிறேன்."
அந்த வயிற்றெரிச்சலில் தந்தி படித்தாள்.
இருபத்திரண்டில் சரக்குக் கப்பலின் ரேடியோ அறை.
சாண்டோஸ். மொம்பாசா. யோகஹாமா.
வயதான பிறகு ரயில்:
எண்பத்தொன்றில், ருமேனியாவில்,
சீட்டில் இல்லாத ஊரில் இறங்கிவிட்டாள்,
ஜன்னலில் ஒரு குளமும்
அதில் நிற்கும் குதிரையும் தெரிந்ததால்.
மூன்று நாள் கழித்து ஃபோன்:
"குதிரைக்கு உடம்பு சரியில்லை,
இருந்து பார்த்துவிட்டு வருகிறேன்."

சிரித்துக்கொண்டே அடுக்கினோம்.
அம்மா சிரிக்கவில்லை.
ஆறு வயதில் அம்மாவை
"ஒரே ஒரு பயணம்" என்று அத்தை வீட்டில் விட்டுப் போனவள்
திரும்பியபோது அம்மாவுக்கு எட்டு,
முன்பற்கள் இரண்டும் புதிது.
யோகஹாமாவில் வாங்கிய செருப்பு
இரண்டு அளவு சிறியது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிப் போர்வையில்
பாட்டியின் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.
நடுக்கம் என்றாள் நர்ஸ்.
எனக்கு ஏதோ கணக்கு கேட்டது:
குறில், நெடில், குறில் குறில் குறில்.
திரும்பத் திரும்ப அதே.
துறைமுகத்துக் கடையில், ஓய்வுபெற்ற தந்திக்காரர்
ஓத்மாரிடம் மேசையில் தட்டிக் காட்டினேன்.
காபியைக் கீழே வைத்தார்.
"பொறு என்று அர்த்தம்.
போய்விடாதே, குறுக்கே வேலை வந்துவிட்டது,
திரும்பி வருகிறேன்."
கொஞ்ச நேரம் கழித்து,
"வெறும் நடுக்கமாகவும் இருக்கலாம்.
எனக்கு மழைகூட அப்படித்தான் கேட்கிறது."

இதை அன்றைக்குப் பெட்டிகளுக்கு நடுவே சொன்னேன்.
அம்மா தேநீர்க் கெண்டியைச்
செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.
"எனக்கும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள்."
சுற்றிய கெண்டியை இன்னொரு தாளில் சுற்றினாள்.
பிறகு இன்னொன்றில்.

இருட்டும் நேரத்தில்
அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது கம்பளிச் சட்டை.
உடம்பு முடிந்து, வலது கை முடிந்து,
இடது தோளில் ஊசி கோத்தபடி.
யாருடைய அளவு என்று தெரியவில்லை.
ஹால்வர் மாமா பேனாவைத் தூக்கினார், எழுதவில்லை.

அம்மா ஊசிமுனையில் ஒரு கார்க்கைச் செருகினாள்.
சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டாள்.
கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு
அக்கரைப் படகுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

படித்துறை வரை கூடவே நடந்தேன்.
மழை அவளுக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது.