அகமதிப்பீடு

கேள்வி நான் எழுதியதுதான்:
'நீங்கள் பார்த்த படமொன்றின் ஒரு பாத்திரத்தை
உளப்பகுப்பாய்வின் வழி ஆராய்க. பத்து மதிப்பெண்.'
இருபத்தொன்பது பேர் வில்லனை எடுத்திருந்தார்கள்.
எல்லாத் தாளிலும் அவனுக்குச் சிறுவயதில்
ஒரே போல் அம்மா செத்திருந்தாள்.

சுபிஜா மட்டும் லாரி டிரைவரை எடுத்திருந்தாள்.
அப்பன் செத்த ராத்திரி அழாமல்
லாரி நெற்றியிலிருந்த அப்பன் பெயரை
தின்னர் போட்டு அழிப்பானே,
மறுநாள் சீனி கூடிப்போச்சென்று
டீக்கடைப் பையனை அறைவானே, அவனை.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல்
பேருந்து நகராமல் நின்றது. மழை.
களியக்காவிளை போகிறவர் ஒருவர்
போனில் யாரையோ 'வச்சிட்டுப் போலே' என்று கத்திவிட்டு
எனக்காக ஷட்டரை மெதுவாக இறக்கினார்.
மடியில் தாள்கட்டு, கையில் சிவப்புப் பேனா.
மூன்று மாதமாய்ச் சம்பளம் வராத
கௌரவ விரிவுரையாளர் நான்.
காலையில் அதைக் கேட்டதற்குத் துறைத்தலைவர்
'மேடத்துக்கு என்ன அவசரம்' என்று
எல்லார் முன்னும் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

எழுதியிருந்தாள்:
'இட் உள்ளே கிடந்து உதைக்கும்.
சூப்பர் ஈகோ செத்த பிறகும்
பின்னால் இருந்து வழி சொல்லும்.
ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற ஆள் ஈகோ.
ஆனால் வண்டி லோனில் ஓடுகிறது.'
மொழிநடை கவனிக்க, என்று ஓரத்தில் எழுதினேன்.
பதற்றம் வரவேண்டிய இடத்தில்
வெப்ராளம் என்றிருந்தது. சுழித்தேன்.
நனவிலி வரவேண்டிய இடத்தில்
'ஓர்மைக்கும் அடியில்'. அதையும்.
இடப்பெயர்ச்சியைச் சரியாகப் பிடித்திருந்தாள்,
வல்லின றகரம் போட்டு. அரை மதிப்பெண் குறைத்தேன்.
பேனா அழுந்தி
அடுத்த பக்கம்வரை சிவப்பு இறங்கியிருந்தது.

அடுத்த பக்கத்தில்தான் அந்தக் காட்சி.
விடியுமுன் டிரைவர்
சிரட்டை சிரட்டையாய் ஒட்டுப்பாலை உரித்து
உருட்டுகிறான், உருட்டுகிறான்,
கைக்குள் அடங்காத பந்தாகும்வரை.
மகள் கட்டன்சாயா கொண்டு வைக்கிறாள்.
அது ஆறுகிறது.
பந்தை நாய்மேல் எறிகிறான்.
நாய் ஓடுவதில்லை, அதற்குப் பழக்கம்.

அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தவள் நான்.
கதை நடப்பது கரிசல் காட்டில்.
ஒரு ரப்பர் மரம் கிடையாது.
டிரைவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பாடத்தில் இதற்கும் ஒரு பெயர் உண்டு.
போன வாரம் நானே பலகையில் எழுதியது:
தன்னுடையதைப் பிறர்மேல் ஏற்றிப் பார்த்தல்.
உதாரணம் கேட்டேன், வகுப்பு பேசவில்லை.
அவள் மூன்றாம் பெஞ்சில்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடினேன். பிறகு திறந்து
ஏழரை போட்டேன்.
குழித்துறைப் பாலத்தின் கீழே ஆறு
யாரோ திருத்திக் கொடுத்ததுபோல் சிவந்து கிடந்தது.

மறுநாள் வராந்தாவில் மறித்தாள்:
'மிஸ், ரெண்டரை மார்க்கு எங்க போச்சு?'
'படத்துல ரப்பர் தோட்டம் வராதே பிள்ளே.'
தாளைப் பார்த்தாள். நகக்கண்ணில்
வெள்ளையாய் எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது.
'மொதல்லயே வரும் மிஸ்,
பேரு போடதுக்கு முன்னாடி.
நீங்க லேட்டா வந்திருப்பிய.'

ஆமா, என்றேன்.
ரெண்டு தடவையும்
லேட்டாத்தான் போனேன்.